மயக்கத்தைத் தீர்மானிக்கும் வேளை

1847-ஆம் வருஷம் மார்ச் மாதம் 22-ஆம் தேதி, திங்கட்கிழமை, கல்கத்தா மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், டாக்டர் ஓஷாக்னெஸ்ஸி என்ற ரண சிகிச்சை நிபுணரின் மேற்பார்வையில், ஒரு நோயாளிக்கு ஈதர் ஆவியை முகரக் கொடுத்து மயங்க வைத்தார்கள். பாரத தேசத்தில் ஈதர் மயக்கம் முதன்முதலாக அளிக்கப்பட்ட நாள் அதுவென்று மருத்துவ சரித்திரம் எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் 1846 அக்டோபர் 16 அன்று அந்த அதிசயம் உலகறிய நடந்தேறி அப்போது ஆறு மாதங்கள்கூட முழுமையாகக் கழிந்துவிடவில்லை; கப்பலேறி வந்த செய்தி ஹூக்ளி நதிக்கரையில் இறங்கிய சூட்டோடு அதைச் சோதித்துப் பார்க்கும் துணிவும் ஆர்வமும் அந்நகரத்து வைத்தியர்களுக்கு இருந்தன. மறு வருஷம் ஜனவரி 12-ஆம் தேதி குளோரோபாரமும் அங்கே உபயோகத்துக்கு வந்துவிட்டது.

இந்த ஆர்வத்துக்கு ஒரு முன்கதை உண்டு. ஈதரின் பெயர் உலகுக்குத் தெரிவதற்கு முன்பே, 1845-இல், கல்கத்தாவுக்கு வடக்கேயுள்ள ஹூக்ளி ஊரில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர், மருந்து எதுவுமின்றி மெஸ்மெரிச வசியத்தாலேயே நோயாளிகளை உறங்க வைத்துப் பெரிய பெரிய கட்டிகளை அறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். 1846-இல் கல்கத்தா நகரத்திலேயே அவருக்கென்று ஒரு சிறு ஆஸ்பத்திரியையும் சர்க்கார் ஒதுக்கிக் கொடுத்தது. ஈதர் வந்ததும் அந்த வித்தை மங்கிப் போயிற்று. ஆயினும் வலியின்றி அறுக்க ஏதேனும் வழியுண்டா என்று அந்த ஊர் அதற்கு முன்பே தேடத் தொடங்கிவிட்டது என்பதை நாம் மறக்கலாகாது.

கல்லூரித் தெருவில் புத்தகக் கடைகளின் நெரிசலைக் கடந்து அதே மருத்துவக் கல்லூரியின் வளாகத்துக்குள் நுழைந்தால், 1882-இல் திறக்கப்பட்ட ஈடன் பிரசவ ஆஸ்பத்திரியின் கட்டடம் இன்றும் நிற்கிறது. வங்காளத்தின் மாவட்டங்களிலிருந்து, சாதாரணப் பிரசவம் ஆகாது என்று கைவிரிக்கப்பட்ட கர்ப்பிணிகள் வந்து சேரும் வாயில்களுள் அதுவும் ஒன்று. ஜன்னி கண்டவர்கள், ஹிருதயம் பழுதுபட்டவர்கள், முன்பு இரண்டு மூன்று முறை வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுக்கப்பெற்றவர்கள், ரத்தப்போக்கு நிற்காதவர்கள் என்று இப்படிப்பட்டவர்களுக்கு சிசேரியன் செய்தே தீரவேண்டும் என்று பிரசவ வைத்தியர் முடிவு சொன்ன அக்கணத்தில், மேஜையின் தலைமாட்டில் நிற்கும் மயக்க மருந்து நிபுணர் ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். இந்தத் தாயை முழுவதும் உறங்க வைப்பதா, அன்றி முதுகில் ஊசி போட்டு மார்புக்குக் கீழே மரக்கச் செய்துவிட்டு விழித்திருக்கவே விடுவதா? அந்தக் கேள்வியைப் பற்றியும், அதற்குச் சரியான விடை கிடைக்கவேண்டுமானால் அது எந்த வேளையில் கேட்கப்படவேண்டும் என்பதைப் பற்றியுமே இக்கட்டுரை.

கர்ப்பம் தரித்த சரீரம் மற்ற நோயாளிகளின் சரீரத்தைப் போன்றதன்று. மேலே தள்ளும் கருப்பையினால் நுரையீரலில் சேமிப்பாக நிற்கும் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகிறது. உடம்புக்கு வேண்டிய பிராணவாயுவோ அதே அளவுக்கும் மேலாகக் கூடிவிடுகிறது. ஆகவே மூச்சு ஒரு நிமிஷம் தடைப்பட்டாலும் ரத்தத்தில் பிராணவாயு மளமளவென்று இறங்கிவிடும். தொண்டையின் உட்சவ்வுகள் வீங்கியிருப்பதால், முழு மயக்கம் கொடுத்த பின் மூச்சுக்குழலுக்குள் குழாய் செருகும் வேலை கடினமாகிறது. பிரசவ மேஜையில் ஏறத்தாழ 390 முழு மயக்கங்களுக்கு ஒன்று வீதம் அந்தக் குழாய் உள்ளே போக மறுக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2015-இல் கணக்கிட்டார்கள். மற்ற அறுவைகளில் இது இத்தனை அடிக்கடி நிகழ்வதில்லை. போதாக்குறைக்கு, இரைப்பையின் வாய் தளர்ந்திருப்பதால் உண்ட உணவும் அமிலமும் மேலேறி நுரையீரலில் விழுந்துவிடும் அபாயமும் உண்டு. அந்த அபாயத்தை 1946-இல் நியூயார்க்கைச் சேர்ந்த மெண்டல்ஸன் என்ற பிரசவ வைத்தியர், 44,016 பிரசவங்களில் 66 பேருக்கு அது நேர்ந்ததை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துக் காட்டினார். பிரசவத்துக்குப் போகும் பெண்ணைப் பட்டினி போடும் வழக்கம் உறுதிப்பட்டது அந்த ஆராய்ச்சிக்குப் பிறகுதான்.

இக்காரணங்களால் முதுகு ஊசிக்கு மதிப்பு உயர்ந்தது. அமெரிக்காவில் 1985 முதல் 1990 வரை சிசேரியன் மரணங்களைக் கணக்கெடுத்தபோது, முழு மயக்கத்தில் பத்து லட்சத்துக்கு 32 பேரும், முதுகு வழியில் பத்து லட்சத்துக்கு 2 பேரும் மயக்கத்தின் காரணமாகவே இறந்ததாகத் தெரியவந்தது. பிற்பாடு, 1997 முதல் 2002 வரையிலான கணக்கில் அவ்வெண்கள் முறையே ஆறரையாகவும் ஏறக்குறைய நான்காகவும் நெருங்கி வந்துவிட்டன. கருவிகளும் பயிற்சியும் கண்காணிப்பும் சீர்பட்டதன் பலன் அது. ஆனால் அந்தச் சீர்திருத்தம் எல்லா தேசங்களுக்கும் ஒன்றுபோல் போய்ச் சேரவில்லை. வருவாய் குறைந்த, நடுத்தர வருவாயுள்ள நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் லான்செட் குளோபல் ஹெல்த் சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரை, அந்நாடுகளில் முழு மயக்கம் பெற்ற தாய்மார்கள் இறந்துபோகும் வாய்ப்பு, முதுகு வழியில் மரக்கச் செய்யப்பட்டவர்களைவிட மும்மடங்குக்கு மேல் என்று கண்டது. மிகவும் ஆபத்தான நிலையில் வருகிறவர்களுக்கே முழு மயக்கம் கொடுக்க நேர்கிறது என்பதையும் இந்த எண்ணோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். அதைக் கழித்துப் பார்த்தாலும் எச்சரிக்கை எச்சரிக்கையே.

முதுகு ஊசி போடும் விதத்தைச் சற்று அருகே நின்று பார்ப்போம். தாயை மேஜையின் விளிம்பில் உட்கார வைத்து, தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு முதுகை வளைக்கச் சொல்கிறார்கள். நிறைமாத வயிற்றோடு அப்படி வளைவது எளிதன்று. ஒரு நர்ஸ் எதிரே நின்று அவள் தோள்களைப் பிடித்துக்கொள்கிறாள். நிபுணர் இரு பக்கத்து இடுப்பெலும்பின் உச்சிகளை விரலால் தடவி, அவற்றை இணைக்கும் கோட்டில் மூன்றாம் நான்காம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவேயுள்ள பள்ளத்தைக் கண்டுகொள்கிறார். தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுவதால் அங்கே ஊசி நுழைவதில் அதற்குத் தீங்கில்லை. மருந்து பூசித் துடைத்து, தோலை மட்டும் முதலில் மரக்க வைத்து, 25 அல்லது 27 எண்ணுள்ள மயிரிழை போன்ற ஊசியைச் செலுத்துகிறார். தடித்த நாணைக் கடந்து உள்ளுறையைத் துளைக்கும்போது விரல் நுனிக்கு மட்டும் தெரியும் ஒரு சிறு நெகிழ்வு. உள் கம்பியை உருவியதும் ஊசியின் வாயில் நிறமற்ற தெளிந்த நீர் துளித்து நிற்கிறது. அந்தத் துளியைக் கண்ட பிறகுதான், குளுக்கோஸ் கலந்து கனமாக்கப்பட்ட ப்யூபிவகெயின் சுமார் 2 மில்லிலிட்டர் மெல்ல உள்ளே போகிறது. அளவு குட்டையானவர்களுக்குச் சற்றுக் குறையும்.

உடனே அவளைப் படுக்க வைத்து, வலது இடுப்புக்கடியில் ஒரு திண்டைச் செருகி உடம்பை இடப்பக்கம் சாய்க்கிறார்கள். மல்லாந்து கிடந்தால் நிறைகருப்பை பெருஞ்சிரையை நசுக்கி ஹிருதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைத் தடுத்துவிடும். கால்கள் முதலில் கதகதக்கின்றன, பிறகு கனக்கின்றன. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை வயிற்றிலிருந்து மேல்நோக்கி வைத்துக்கொண்டே போய், குளிர்ச்சி தெரிகிறதா என்று கேட்கிறார்கள். முலைக்காம்பு மட்டம் வரை தெரியாமல் போனால்தான் கத்தி வைக்கலாம். இதற்கிடையில் நிமிஷத்துக்கொரு தரம் ரத்த அழுத்தம் பார்க்கப்படுகிறது. அது சரியத் தொடங்கும்போதே பினைலெப்ரின் என்ற மருந்து சிறுகச் சிறுக ஏற்றப்படுகிறது. தாயின் அழுத்தம் சரிந்தால் நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தமும் குறையும், சிசுவுக்கு மூச்சுமுட்டும். இந்தக் காவல் முழுவதும் மயக்க மருந்து நிபுணருடையது. சிசு பிறந்த முதல் நிமிஷத்தில் அதன் நிறத்தையும் நாடியையும் அழுகையையும் பார்த்து மதிப்பெண் போடும் முறையை 1952-இல் வகுத்தளித்த வர்ஜினியா அப்கார் அம்மையாரும் பிரசவ வைத்தியர் அல்லர். மயக்க மருந்து நிபுணரே.

இத்தனை சொன்ன பின், அபாயம் மிகுந்த கர்ப்பிணிக்கும் முதுகு ஊசியே சிறந்தது என்று எழுதி முடித்துவிடலாம் போலத் தோன்றும். அப்படி எழுதினால் அது பாதி உண்மைதான்.

வங்காளத்தில் இதை எழுதும்போது முதலில் பேசவேண்டியது கர்ப்பகால ரத்த அழுத்தத்தைப் பற்றி. 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வின்படி, மேற்கு வங்காளத்தில் இருபதிலிருந்து இருபத்துநான்கு வயதுக்குட்பட்ட பெண்களில் 41.6 சதவிகிதத்தினர் பதினெட்டு நிறைவதற்கு முன்பே மணம் செய்விக்கப்பட்டவர்கள். சிறு வயதில் தலைப்பிள்ளை சுமக்கும் பெண்ணுக்கு இந்த ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு அதிகம். முகமும் காலும் வீங்கி, தலைவலி பொறுக்காமல், கண்ணில் பொறி பறந்து, கடைசியில் வலிப்பில் கொண்டுபோய் விடும் வியாதி அது. அத்தகைய பெண்ணுக்கு முழு மயக்கம் கொடுக்கும்போது, தொண்டைக்குள் கருவி நுழையும் அந்தச் சில விநாடிகளில் ரத்த அழுத்தம் சரேலென்று எகிறி மூளையில் ரத்தக்குழாய் வெடித்துப்போகக்கூடும். வீங்கிய தொண்டையில் வழி கண்டுபிடிப்பதும் கடினம். ஜன்னியைத் தடுக்க ஏற்றிய மக்னீசியம் ஸல்பேட், தசைகளைத் தளர்த்தும் மருந்தின் வேகத்தை நீட்டித்துவிடுவதால் மூச்சு திரும்பத் தாமதமாகும். அந்த மக்னீசியத்தையும் கைவிட முடியாது. 33 தேசங்களில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடந்து 2002-இல் முடிவு வெளியான மாக்பை ஆராய்ச்சி, அது ஜன்னி வரும் அபாயத்தைப் பாதிக்கும் கீழாகக் குறைக்கிறது என்று நிரூபித்துவிட்டது.

ஆகவே இங்கே முதுகு ஊசியே உத்தமம் என்று தோன்றும். ஒரு காலத்தில் அதற்கும் அஞ்சினார்கள்: சுருங்கிய ரத்தக்குழாய்கள் திடீரென்று விரிந்து அழுத்தம் பாதாளத்தில் விழுந்துவிடும் என்பது பழைய பாடம். கடந்த முப்பது வருஷ ஆராய்ச்சிகள் அந்த அச்சத்தைப் பெரும்பாலும் அகற்றிவிட்டன. இப்பெண்களுக்கு அழுத்தம் சரிவது ஆரோக்கியமான கர்ப்பிணிகளைவிடக் குறைவாகவே இருக்கிறது. ஆனால் வியாதி முற்றினால் ரத்தத்தில் தட்டணுக்கள் அழியத் தொடங்குகின்றன, ஈரல் கெடுகிறது. சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கவேண்டிய தட்டணுக்கள் மிகவும் இறங்கிவிட்டால், முதுகில் போட்ட ஊசி கீறிய சிறு ரத்தக்குழாய் உறையாமல் கசிந்து, முள்ளெலும்புக் குழலுக்குள் கட்டியாகத் திரண்டு நரம்புகளை நசுக்கி, கால்களை நிரந்தரமாக முடக்கிவிடக்கூடும். 70,000-க்குக் குறையாமல் இருந்து, வேறு ரத்தக்கசிவின் அறிகுறியும் இல்லாவிட்டால் முதுகு ஊசி போடலாம் என்று அமெரிக்க மகப்பேறு மயக்க நிபுணர்கள் 2021-இல் ஒருமித்த கருத்து வெளியிட்டார்கள். ஆனால் அந்த எண் எத்தனை மணிக்கு எடுத்தது? காலையில் 90,000 இருந்தது மாலையில் பாதியாகிவிடும் வியாதி இது. முந்தாநாள் மாவட்ட ஆஸ்பத்திரியில் எழுதிய சீட்டை நம்பி ஊசியை எடுக்க எந்த நிபுணருக்கும் மனம் துணியாது. புதிய முடிவு வரும் வரை காத்திருக்கக் குழந்தைக்கு நேரமும் இராது.

இந்த இடத்தில்தான் பிரச்சினையின் உள்ளம் தெரிகிறது. சுந்தரவனத்துத் தீவாகிய கோசாபாவிலிருந்து பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி வருவதாக நினைத்துப் பாருங்கள். நதியைப் படகில் கடந்து கத்காலியில் கரையேறி, கேனிங் சென்று, அங்கிருந்து வண்டியிலோ ரயிலிலோ கொல்கத்தா வந்து சேர்வதற்குள் அவளுக்கு ஒரு முறை வலிப்பு வந்துவிட்டது. சியால்டா ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்க்கும்போது அவள் பாதி ஸ்மரணையில் இருக்கிறாள்; எப்போது கடைசியாகச் சாப்பிட்டாள் என்று கூட வந்தவர்களுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை; தட்டணுக்கள் எத்தனை என்று யாருக்கும் தெரியாது; சிசுவின் நாடித்துடிப்பு தளர்கிறது. இந்நிலையில் நிபுணருக்குத் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? முழு மயக்கம் ஒன்றுதான், அதுவும் அதன் சகல அபாயங்களோடும். இதே பெண்ணின் அழுத்தம் ஏழாம் மாதத்தில் அளக்கப்பட்டு, எட்டாம் மாதத்தில் மயக்க மருந்து நிபுணரின் கண்ணில் பட்டிருந்தால் அவளுக்கு மூன்று நான்கு வழிகள் திறந்திருக்கும். தேர்வு என்று நாம் சொல்வது அறுவை அறையில் நிகழ்வதாகத் தோன்றினாலும், அது அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, யார் யாரை எப்போது பார்த்தார்கள் என்பதில் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது என்பதே என் திடமான எண்ணம்.

ஹிருதய நோய்க்கு இது இன்னும் பொருந்தும். மேல்நாடுகளில் அருகிப்போன ருமாட்டிக் ஜுரம் நம் தேசத்தில் ஏழைக் குழந்தைகளின் தொண்டையிலிருந்து கிளம்பி, ஹிருதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டு, அவர்கள் வளர்ந்து கர்ப்பம் தரிக்கும் வரை பெரும்பாலும் மறைந்தே கிடக்கிறது. 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை விரிய வேண்டிய வால்வு ஒன்றரைக்கும் கீழாகக் குறுகிவிட்ட பெண்ணின் ஹிருதயம், கர்ப்பத்தில் ஏறத்தாழப் பாதியளவு கூடிவிடும் ரத்த ஓட்டத்தைத் தாங்கமாட்டாமல் இருபத்தெட்டாம் வாரம் முதலே திணறும். மூச்சிரைப்பைக் கர்ப்பத்தின் சகஜமான களைப்பென்று வீட்டார் எண்ணிவிடுகிறார்கள். பல சமயம் வைத்தியர்களும் எண்ணிவிடுகிறார்கள். அத்தகையவளுக்கு வழக்கமான முதுகு ஊசியை ஒரே தவணையில் போட்டால் ரத்தக்குழாய்கள் ஒரேயடியாக விரிந்து, நாடி படபடத்து, குறுகிய வால்வின் வழியே ரத்தம் நிரம்ப அவகாசமின்றி நுரையீரலில் தேங்கிவிடும். முழு மயக்கத்திலும் குழாய் செருகும்போது அதே படபடப்பு உண்டு. ஆகையால் மெல்லிய குழாயொன்றை முதுகில் தண்டுவட உறைக்கு வெளியே வைத்து, எபிடூரல் என்ற அந்த வழியே மருந்தைச் சிறுகச் சிறுக, இருபது முப்பது நிமிஷங்களுக்கு மேல் நேரமெடுத்து, நாடியைப் பார்த்துக்கொண்டே ஏற்றுவது பல நிபுணர்கள் விரும்பும் வழி. அடுப்பிலிருக்கும் பாலைப் பொங்கவும் விடாமல் ஆறவும் விடாமல் கண்கொட்டாது காப்பதைப் போன்ற வேலை அது.

அந்த வழிக்கு அவகாசம் வேண்டும். பிள்ளை வெளியே வந்த மறுகணம் கருப்பை சுருங்கி அதிலுள்ள ரத்தமெல்லாம் திரும்ப ஓடிவருவதால் ஹிருதயத்தின் பாரம் உச்சத்துக்குப் போகும். அப்போது கருப்பை சுருங்குவதற்காகப் போடும் ஆக்ஸிடோஸினையும் ஒரே தள்ளலில் ஏற்றாமல் மெல்ல மெல்லத்தான் ஏற்றவேண்டும், அதே வேலைக்கான மெதர்ஜினை அறவே தவிர்க்கவேண்டும். செயற்கை வால்வு பொருத்தியவளாயின் ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் வகை ஊசி போட்டுக்கொண்டிருப்பாள். தடுப்பு அளவில் போட்ட ஊசிக்குப் பின் 12 மணி நேரமும், முழுச் சிகிச்சை அளவில் போட்ட ஊசிக்குப் பின் 24 மணி நேரமும் கழிந்தாலன்றி முதுகைத் தொடலாகாது. நள்ளிரவில் வலி கண்டு வந்தவளிடம் அந்த மணிக்கணக்கை எங்கே போய்த் தேடுவது? குறுகிய வால்வு உள்ளவளையோ, இரண்டாவது மும்மாதத்திலேயே கண்டுபிடித்திருந்தால் பலூன் கொண்டு அந்த வால்வைத் திறந்துவிட்டு நிம்மதியாகப் பிரசவத்துக்குக் காத்திருந்திருக்கலாம். அந்தச் சிகிச்சை கொல்கத்தாவிலும் சென்னையிலும் நெடுநாளாகவே நடந்துவருகிறது.

நஞ்சுக்கொடி கருப்பையின் பழைய தழும்பில் வேரோடிப்போகும் வியாதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அது சிசேரியனே பெற்றெடுத்த வியாதி. நஞ்சுக்கொடி கருப்பை வாயை அடைத்துக்கொண்டிருக்கும் பெண்களில், முதல் சிசேரியனில் நூற்றுக்கு மூவருக்கு இது இருந்தால், மூன்றாவதில் நாற்பது பேருக்கு இருக்கிறது என்று 2006-இல் அமெரிக்க ஆய்வொன்று கண்டது. முன்பு சொன்ன 2019-21 குடும்ப நல ஆய்வின்படி மேற்கு வங்காளத்தில் நூற்றுக்கு 32.6 பிரசவங்களும், தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் பார்த்தால் 82.7-ம் சிசேரியனாகிவிட்டன, நம் தமிழ்நாட்டில் மொத்தமே 44.9. காரணமின்றிக் கீறிய ஒவ்வொரு வயிறும் பத்து வருஷத்துக்குப் பின் ஒரு மயக்க மருந்து நிபுணர் முன்னால் கடும் சங்கடமாக வந்து நிற்கக்கூடும். சில நிமிஷங்களில் லிட்டர் கணக்கில் ரத்தம் போகும் அறுவை அது. பலர் தொடக்கத்திலேயே முழு மயக்கம் கொடுக்கிறார்கள்; சிலர் பிள்ளை பிறக்கும் வரை முதுகு ஊசியில் விழிக்க வைத்து, பின்பு உறங்க வைக்கிறார்கள். இரண்டுக்கும் நியாயமுண்டு, ரத்தவங்கி பக்கத்தில் இருக்குமாயின்.

முழு மயக்கத்தைத் தாழ்வாகப் பேசும் ஒரு பாணி இளம் வைத்தியர்களிடையே வளர்ந்துவருவதையும் இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது. தொப்புள்கொடி சரிந்து சிசுவின் நாடி அறுந்துபோகும் வேளையிலும், தாய் ரத்தமிழந்து வெளிறிக் கிடக்கும் வேளையிலும், ஸ்மரணையற்ற ஜன்னிக்காரியிடத்தும் முழு மயக்கமே முறை. அப்போது முதுகைத் தடவிக்கொண்டிருப்பது குற்றம். மாறாக, முதுகு ஊசி சரியாகப் பிடிக்காமல், கத்தி வைத்ததும் ஒரு பெண் வலிக்கிறது என்று அலறினால், அது வெறும் இழுப்புணர்ச்சிதான் என்று அவளைச் சமாதானப்படுத்தித் தொடர்வதும் குற்றமே. வலிக்கிறதா இல்லையா என்று சொல்ல அவளைவிடத் தகுதியுடையவர் அந்த அறையில் எவருமில்லை. அவள் கேட்டால் உறங்க வைத்தாக வேண்டும்.

உடம்புக்கு ஏற்பக் கருவியை அமைக்கவேண்டும் என்ற எண்ணம் இந்நகரத்துக்குப் புதிதன்று. இன்றைய ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி கார்மைக்கேல் கல்லூரியாக இருந்த காலத்தில் அதன் முதல்வராயிருந்த ஸர் கேதார்நாத் தாஸ், நம் பெண்களின் சிறிய இடுப்பெலும்புக் கூட்டுக்கும் நம் சிசுக்களின் சிறிய தலைக்கும் தகுந்தபடி பிரசவ ஆயுதத்தை இலேசாக்கி அமைத்தார். 1929-இல் அவர் வெளியிட்ட அவ்வாயுதத்தின் வரலாறு உலகப் பிரசித்தி பெற்றது. மயக்க மருந்தின் அளவையும் அப்படியே உள்ளூர் உடம்பைப் பார்த்து வகுக்கும் பண்பு அந்தப் பரம்பரையைச் சேர்ந்ததுதான்.

இன்னொரு பரம்பரையும் உண்டு. முதல் ஈதர் மயக்கத்தை மேற்பார்த்தவருடைய குடும்பப் பெயரையே கொண்ட வில்லியம் புரூக் ஓஷாக்னெஸ்ஸி, 1831-இல் இங்கிலாந்தில் காலரா நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, அதில் நீரும் உப்பும் குறைந்துபோயிருப்பதைக் கண்டு, அவற்றைச் சிரை வழியே ஏற்றவேண்டும் என்று வழிகாட்டியவர். 1833-இல் கல்கத்தா வந்து, பின்பு அந்த ஈதர் மயக்கம் அளிக்கப்பட்ட அதே மருத்துவக் கல்லூரியில் ரசாயனம் கற்பித்தார். இன்று முதுகு ஊசிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு தாயின் கையிலும் சொட்டும் பாட்டிலுக்கு மூலம் அவருடைய சிந்தனையே. அந்தப் பாட்டிலைப் பற்றியே சந்தேகம் கிளம்பிய ஒரு துயரம் 2025 ஜனவரியில் நிகழ்ந்தது. மேதினிபூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஓரிரவில் சிசேரியன் செய்யப்பட்ட தாய்மார்களில் ஐவர் கடுமையாக நோயுற்று, அவர்களுள் ஒருவர் அந்த மாதமே இறந்தார். மூவரைக் கொல்கத்தாவின் எஸ்.எஸ்.கே.எம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர நேர்ந்தது. ஏற்றிய ரிங்கர் லாக்டேட் திரவத்தின் தரம் பற்றி வைத்தியர்கள் கேள்வி எழுப்பினார்கள். மூத்தவர்கள் இல்லாத வேளையில் பயிற்சி வைத்தியர்கள் அறுவை செய்தார்கள் என்று சர்க்கார் சொல்லிற்று. பன்னிரண்டு வைத்தியர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். எந்தத் தரப்பின் வாதம் எவ்வளவு சரியென்று தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் எவ்வளவு நுட்பமாக மயக்கத்தைத் தேர்ந்தெடுத்தாலும், சொட்டுகிற திரவம் சுத்தமாயும், தலைமாட்டில் நிற்பவர் அனுபவஸ்தராயும் இல்லாவிட்டால் அந்தத் தேர்வு வீண் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் வேண்டியதில்லை. மாநிலத்தின் மொத்தக் கணக்கும் கவலை தருவதே: 2018-20 கணக்கின்படி லட்சம் உயிர்ப் பிறப்புக்கு மேற்கு வங்காளத்தில் 103 தாய்மார்கள் இறந்தார்கள்; தேசத்தின் சராசரி 97; தமிழ்நாட்டில் 54.

மயக்க மருந்து நிபுணர்கள் நகரங்களிலேயே குவிந்திருப்பது பழைய குறை. எம்.பி.பி.எஸ். வைத்தியர்களுக்குப் பதினெட்டு வாரம் உயிர்காக்கும் மயக்கப் பயிற்சி அளிக்கும் திட்டத்தை மத்திய சர்க்கார் கொண்டுவந்தது இதனால்தான். சாதாரண சிசேரியனுக்கு அப்படிப் பயின்றவர் போதும். குறுகிய வால்வும் குறைந்த தட்டணுக்களும் உள்ளவளுக்குப் போதாது. அவளை நேரத்தோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்று அறிகிற அளவுக்கு அவருக்குப் பயிற்சி இருந்தால் அதுவே பெரும் சேவை.

2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்படி ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளை வைத்தியர் பரிசோதிக்கிறார். அபாயம் உள்ளவளின் தாய்-சேய் அட்டையில் சிவப்புச் சீட்டு ஒட்டப்படுகிறது. அந்தச் சீட்டு இப்போது பிரசவ வைத்தியருக்கான அடையாளமாக மட்டுமே இருக்கிறது. சிவப்புச் சீட்டு ஒட்டிய ஒவ்வொரு பெண்ணும் எட்டாம் மாதம் முடிவதற்குள் ஒருமுறையேனும் மயக்க மருந்து நிபுணர் முன்னால் உட்கார வேண்டும் என்று விதி செய்யவேண்டும். வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்த்து, முதுகைத் தடவி, மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டு, முந்திய மயக்கத்தில் ஏதேனும் நேர்ந்ததா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, ரத்தம் உறையாமலிருக்க ஊசி போடுகிறாளா, வீட்டிலிருந்து இங்கே வர எத்தனை மணி நேரமாகும் என்று கேட்டு, இரவில் அவசரமாக வந்தால் இன்ன முறை, பகலில் நிதானமாக வந்தால் இன்ன முறை என்று அந்த அட்டையிலேயே நாலு வரி எழுதிக் கையெழுத்திட அவருக்கு இருபது நிமிஷம் போதும். அந்த நாலு வரியை வங்காள மொழியில் அவளுக்கும் அவள் மாமியாருக்கும் படித்துக் காட்டிவிட்டு அனுப்புவதற்கு இன்னும் ஐந்து நிமிஷம் ஆகலாம்.